கலங்கல் கடலும் கையடக்கக் கேமராவும்

பாகூரிலிருந்து கிழக்கு நோக்கி மிதிவண்டியை மிதித்தால் ஒரு மணி நேரத்துக்குள் கடல் வந்துவிடும். வழியெங்கும் நெல்வயல்கள், இடையிடையே தென்னந்தோப்புகள், அவற்றைக் கடந்தால் மணப்பட்டு, மூர்த்திக்குப்பம், நரம்பை, பனித்திட்டு எனக் கடலோர ஊர்கள். வில்லியனூர்ப் பகுதி மாணவருக்கும் கடல் அயல்நாடு அன்று. சங்கராபரணி ஆறு அவர்களுடைய ஊர்களைத் தொட்டுக்கொண்டுதான் கடலுக்குப் போகிறது. ஆயினும் இவ்விரு கொம்யூன்களிலும் வளரும் ஒரு பிள்ளையிடம் கடலுக்கடியில் என்ன இருக்கிறது என்று வரைந்து காட்டச் சொல்லிப் பாருங்கள். பளிங்கு போன்ற நீலநீரும், அதில் வெள்ளைக் கோடு போட்ட ஆரஞ்சு நிறக் கோமாளி மீனும்தான் தாளில் தோன்றும். அந்தப் பிள்ளை கரையில் நின்று நாள்தோறும் காணும் கடலோ பச்சையும் பழுப்பும் கலந்தது. வரைந்த கடல் வேறு, வாழும் கடல் வேறு.

நம் கடலின் உள்ளே நாம் எடுத்த படங்கள் மிகக் குறைவு என்பதே இதற்குக் காரணம். திரைப்படங்களும் நாட்காட்டிகளும் காட்டுவன அயற்கடல்கள். கடலடியில் படமெடுக்கப் பெரிய கருவிகளும் பெருஞ்செல்வமும் வேண்டும், தெளிந்த நீரும் வேண்டும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. என் கருத்து அதற்கு நேர்மாறானது. சட்டைப்பையில் அடங்கும் ஒரு சிறிய ஒளிப்படக் கருவியும், அதைச் சுற்றி மூடும் நீர்புகாக் கூடும் போதும். கலங்கல் மிகுந்த நம் கரையோரக் கடலுக்குப் பெரிய கேமராவைக் காட்டிலும் அதுவே பொருத்தமானது. அது யார் கையில் இருக்க வேண்டும், எவ்வாறு கையாளப்பட வேண்டும் என்பனவே எண்ணிப் பார்க்க வேண்டியவை.

கரையில் நின்ற கண்

தமிழர் நிலத்தை ஐந்தாகப் பகுத்தபோது கடலும் கடல்சார்ந்த இடமும் நெய்தலாயின. புன்னை, தாழை, உப்பங்கழி, மீன் உணங்கும் மணல்மேடு, திரும்பிவரும் படகுகள் என்று நெய்தல் காட்சிகள் கண்முன் விரிகின்றன. ஆனால் அப்பாடல்களில் பேசும் கண் பெரும்பாலும் கரையில் நிற்கும் கண்ணே. கொற்கை முத்தின் சிறப்பை மதுரைக்காஞ்சி பேசுகிறது. அந்த முத்துக்காக மூச்சையடக்கி மூழ்கியவர் கீழே என்ன கண்டார் என்பதை அவர் வாய்மொழியாக நாம் கேட்டதில்லை. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவரும் சங்கு குளித்தவரும் தலைமுறை தலைமுறையாகக் கடலடியைக் கண்டறிந்தவர்கள். முத்துச்சிப்பி விளையும் பாறைத்திட்டுகளைப் ‘பார்’ என்று அழைத்து, ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் வைத்திருந்தவர்கள். அவர்கள் கண்டது அவர்களுடைய நினைவிலேயே இருந்து அவர்களோடு மறைந்தது. அறிவு இல்லாமற் போகவில்லை. அதைப் பிறர் முன் வைக்கும் சான்றுதான் இல்லாமற் போயிற்று.

நீருக்கடியில் கேமராவை இறக்கும் முயற்சி 1856ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. இங்கிலாந்தின் வேமத் விரிகுடாவில் வில்லியம் தாம்சன் என்பவர் மரப்பெட்டி ஒன்றுக்குள் கேமராவை வைத்துக் கயிற்றில் கட்டிக் கடலுக்குள் இறக்கினார். படகிலிருந்தபடியே பெட்டியின் கதவைக் கயிற்றால் திறந்து மூடினார். பெட்டிக்குள் கடல்நீர் புகுந்துவிட்டது. என்றாலும் படத்தகடு முற்றும் அழியாமல் மங்கலான ஒரு படத்தைத் தந்தது. கடலடி ஒளிப்படக்கலையின் முதற்பக்கத்திலேயே ஓர் ஒழுகல் எழுதப்பட்டிருக்கிறது என்பதை இந்தக் கலையைக் கற்க விரும்புவோர் நினைவில் கொள்வது நல்லது.

கடலுக்குள் தாமே இறங்கிப் படமெடுத்தவர்களுள் முன்னோடி லூயி பூத்தான் என்னும் பிரெஞ்சு உயிரியலாளர். 1893இல், பிரான்சின் தென்கோடியிலுள்ள பன்யுல்ஸ் கடற்கரையில், தம் உடன்பிறந்தார் வடிவமைத்துத் தந்த கூட்டுக்குள் கேமராவை வைத்து அவர் மூழ்கினார். (அக்காலத்தில் பாகூரும் வில்லியனூரும் அதே பிரெஞ்சு அரசின் ஆட்சியில் இருந்தன என்பது ஒரு தற்செயல் ஒற்றுமை.) ஒரு படம் பதிய அரைமணி நேரம்வரை ஆயிற்று. வெளிச்சம் போதாமையால், உயிர்வளி நிரப்பிய பெரிய பீப்பாயின் மேல் விளக்கை எரியவிட்டு, அச்சுடரில் மக்னீசியப் பொடியை ஊதி ஒளியுண்டாக்கும் முயற்சியும் நடந்தது. 1926இல் அமெரிக்காவின் புளோரிடாப் பகுதியில் லாங்லி, மார்ட்டின் என்னும் இருவர் வண்ணப்படமே எடுத்துவிட்டனர். அப்போதும் மிதவையொன்றின் மேல் மக்னீசியப் பொடியை வெடிக்கவைத்துத்தான் ஒளி பெற்றார்கள்.

பிற்காலத்தில் பெல்ஜிய நாட்டுப் பொறியாளர் ழான் தெ வூத்தர், கடலாய்வாளர் கூஸ்தோவின் தேவைக்கேற்ப, கூடே தேவைப்படாத நீர்புகாக் கேமராவை உருவாக்கினார். அதன் வழிவந்ததே 1963இல் ஜப்பானிய நிறுவனம் வெளியிட்ட நிக்கோனோஸ். 2001இல் அதன் உற்பத்தி நின்றது. எண்மக் கேமராக்கள் வந்தபின், கைக்குள் அடங்கும் சாதாரணக் கேமராவுக்கே தெளிவான பாலிகார்பனேட் நெகிழியால் கூடு செய்து விற்கும் வழக்கம் பெருகிற்று. பீப்பாயும் பொடியும் படகுநிறைய ஆட்களும் தேவைப்பட்ட வேலை, இன்று ஒருவர் இடக்கையில் பிடித்துக்கொண்டு செய்யக்கூடியதாகச் சுருங்கியிருக்கிறது.

கூடு

பார்வைக்கு அது ஒரு சாப்பாட்டுப் பெட்டியைப் போலிருக்கும். முன்புறம் வில்லைக்கு எதிரே தட்டையான கண்ணாடி; பின்புறம் திறந்து மூடும் கதவு; கதவைப் பூட்ட ஒரு தாழ்; கேமராவின் பொத்தான் ஒவ்வொன்றுக்கும் நேரே வெளியிலிருந்து அழுத்தும் சிறு தண்டு. கதவின் விளிம்பைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம். குறுக்கே வெட்டினால் வட்டமாக இருக்கும் இந்த வளையத்தை ‘ஓ-ரிங்’ என்பார்கள். நம் வீட்டுப் பிரஷர் குக்கரின் மூடியில் இருக்கும் கேஸ்கட் செய்யும் வேலையைத்தான் இதுவும் செய்கிறது. குக்கரில் அழுத்தம் உள்ளிருந்து வெளியே; இங்கே வெளியிலிருந்து உள்ளே. அவ்வளவே வேறுபாடு.

அந்த அழுத்தம் எவ்வளவு? கடலில் 10 மீட்டர் இறங்கும்தோறும் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பின்மீதும் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் சுமை கூடுகிறது. கூட்டின் பின்கதவு 12 சென்டிமீட்டர் நீளமும் 8 சென்டிமீட்டர் அகலமும் உடையது என்று கொள்வோம். பரப்பு 96 சதுர சென்டிமீட்டர். 18 மீட்டர் ஆழத்தில் அக்கதவின் மீது விழும் சுமை 170 கிலோவுக்கும் மேல். பாகூர்க் களத்துமேட்டில் கட்டிய 75 கிலோ நெல்மூட்டைகள் இரண்டை அதன்மேல் ஏற்றிவைத்தாலும் அந்தப் பாரம் வராது. இத்தகைய கூடுகள் பெரும்பாலும் 40 மீட்டர் ஆழம்வரை தாங்குமாறு செய்யப்படுகின்றன.

இங்கே ஒரு வியப்பு உண்டு. ஆழம் கூடக்கூடக் கதவு வளையத்தின்மேல் மேலும் இறுக அழுந்துவதால் அடைப்பும் இறுகுகிறது. ஆகவே கூடுகள் ஒழுகுவது பெரும்பாலும் ஆழத்தில் அன்று. இறங்கிய முதல் ஓரிரு மீட்டருக்குள்தான். வளையத்தின்மேல் ஒரு தலைமயிர் கிடந்தால் போதும். ஒரு மணல்துகள், துணியிலிருந்து உதிர்ந்த ஒரு நூலிழை, காய்ந்த உப்பின் ஒரு பொடி போதும். அவ்வழியாக நீர் நுழைந்துவிடும். கடல்நீர் பட்ட மின்னணுக் கருவி பிழைப்பது அரிது.

ஒரு ரப்பர் வளையத்தைப் பற்றி இவ்வளவு பேச வேண்டுமா என்று கேட்கலாம். 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்ணோடம் புறப்பட்ட 73ஆம் நொடியில் சிதறி, அதிலிருந்த எழுவரும் இறந்தனர். உந்துகலத்தின் இணைப்பிலிருந்த ஓ-வளையங்கள் குளிரில் விறைத்து, அடைக்க வேண்டிய இடத்தை அடைக்காமற் போனதே காரணம் என்று விசாரணை கண்டது. இயற்பியலாளர் ரிச்சர்டு ஃபைன்மன் அந்த ரப்பர்த் துண்டைப் பனிக்கட்டியிட்ட நீரில் அமிழ்த்தி எடுத்து, அது தன் நெகிழ்வை இழப்பதை எல்லோர் முன்னிலையிலும் காட்டினார். மிகப்பெரிய கருவியின் உயிரும் மிகச்சிறிய உறுப்பில் ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும்.

எனவே கூட்டை மூடுவது அவசரமாகச் செய்யும் வேலையன்று. படகில், மணலில், காற்றில் அதைத் திறக்கக் கூடாது. வீட்டிலேயே, மின்விசிறியை நிறுத்திவிட்டு, நல்ல வெளிச்சத்தில், கைகழுவி உலர்த்தியபின் செய்ய வேண்டும். வளையத்தை விரல்நுனியால் மெல்ல எடுத்து, சுற்றி ஒருமுறை தடவிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத துகள் விரலுக்குத் தெரியும். உற்பத்தியாளர் கூறும் பசையை அரிசியளவு எடுத்து, வளையம் மினுக்கும் அளவுக்கு மட்டும் பூச வேண்டும். பசை மிகுந்தால் அது தூசியை ஈர்க்கும். புழுக்கமான கடற்கரைக் காற்றை உள்ளே வைத்து மூடினால், குளிர்ந்த நீருக்குள் போனதும் கண்ணாடியின் உட்புறம் வியர்த்து எல்லாப் படமும் மங்கிவிடும். ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை உள்ளே செருகினால் அது தவிர்க்கப்படும். கடலிலிருந்து திரும்பியதும் கூட்டைத் திறவாமல் நன்னீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, ஒவ்வொரு பொத்தானையும் நீருக்குள்ளேயே சிலமுறை அழுத்திவிட வேண்டும். இல்லையேல் தண்டுகளின் இடுக்கில் உப்பு உறைந்துவிடும்.

புதுக்கூட்டை முதன்முதலில் சோதிக்கக் கடலுக்குப் போக வேண்டியதில்லை. நம் வயல்களில் மோட்டார்க் கொட்டகையை ஒட்டி நீர்த்தொட்டி இருக்கிறதே, அது போதும். கேமராவை வைக்காமல், உலர்ந்த மெல்லிய காகிதத்தை மட்டும் உள்ளே வைத்து மூடி, கல் ஒன்றைக் கட்டித் தொட்டியில் அமிழ்த்தி, ஒரு மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால் காகிதம் உண்மையைச் சொல்லிவிடும்.

நிறமும் கலங்கலும்

கடல் ஏன் நீலமாக இருக்கிறது? 1921இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பிய சர் சி.வி. இராமன், மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டு இந்தக் கேள்வியை எழுப்பினார். வானத்தின் நீலத்தையே கடல் எதிரொளிக்கிறது என்பது அதுவரை பெரியோர் சொல்லிவந்த விடை. நீரின் மேற்பரப்பில் எதிரொளியாகும் ஒளியை ஒரு பட்டகத்தால் தடுத்துவிட்டுப் பார்த்தபோதும் நீலம் போகவில்லை. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று அவர் நிறுவினார். திருச்சிராப்பள்ளியில் பிறந்த அம்மேதையின் நோபல் பரிசுக்கு இட்டுச்சென்ற ஆய்வுப்பாதையின் தொடக்கம் ஒரு கப்பல்தளத்தில் நின்று கடலைப் பார்த்த பார்வை.

நீர் சிவப்பு ஒளியை விரைந்து விழுங்கும். தெளிந்த கடலிலும் ஐந்து மீட்டருக்குள் சிவப்பின் பெரும்பகுதி மறைந்துபோகும். பத்து மீட்டரையொட்டி ஆரஞ்சும், இருபது மீட்டரையொட்டி மஞ்சளும் மங்கும். ஆழத்தில் விரல் வெட்டுப்பட்டால் குருதி கரும்பச்சையாகத் தெரியும் என்று முக்குளிப்போர் சொல்வதன் காரணம் இதுதான். நம் கரையோரத்தில் இதற்குமேலும் ஒன்று உண்டு. சங்கராபரணியும் தென்பெண்ணையும் மழைக்காலத்தில் செம்மண்ணையும் வண்டலையும் கடலுக்குக் கொண்டுவருகின்றன. அந்தச் சத்தை உண்டு கண்ணுக்குத் தெரியாத மிதவைத் தாவரங்கள் பெருகுகின்றன. பச்சைநிறம் அவற்றால் வருவது. கலங்கலைக் குறையென்று நினைப்பவர், நம் வலைகளில் மீன் விழுவதற்கும் அந்தக் கலங்கலுக்கும் உள்ள உறவை மறந்துவிடுகிறார். பளிங்குநீர் பல இடங்களில் பட்டினிநீர்.

இத்தகைய நீரில் தொலைவிலிருந்து படமெடுப்பது வீண். கேமராவில் உள்ள பிளாஷைப் போட்டால் நிலை இன்னும் மோசமாகும். மார்கழிப் பனியில் பேருந்தின் முகப்பு விளக்கை ஏற்றிவிட்டால் சாலை தெரியாமல் வெள்ளைத் திரைதானே தெரிகிறது? அதுபோல, வில்லைக்கு அருகிலிருந்து பாயும் ஒளி இடையிலுள்ள துகள் ஒவ்வொன்றிலும் பட்டுத் திரும்பி, படமெங்கும் வெண்புள்ளிகளைத் தெளித்துவிடும். இதற்கு வழி, இடையிலுள்ள நீரைக் குறைப்பதே. அதாவது, நெருங்குவது. ஒரு முழத்துக்குள் நெருங்கினால் கலங்கல் ஏறக்குறையக் காணாமற்போகும். ஒளியையும் பக்கவாட்டிலிருந்து, கையில் பிடித்த விளக்கால் தந்தால் துகள்கள் மின்னாது.

சிறிய கேமராவின் வலிமை இங்கேதான் வெளிப்படுகிறது. பல கையடக்கக் கேமராக்கள் பொருளிலிருந்து சில சென்டிமீட்டர் தொலைவிலேயே தெளிவாகக் குவியக்கூடியவை. பெரிய கேமராவும் அதன் பருத்த கூடும் இரண்டு கை விளக்குகளும் நுழைய முடியாத பாறையிடுக்கில் இது நுழையும். அகன்ற நீலவெளியைப் படம்பிடிக்க விழைவோர் மாலத்தீவுக்குப் போகட்டும். நம் கடல் சிறியவற்றின் கடல்: பாறையிடுக்கில் தலைநீட்டும் அஞ்சாலை, மணலோடு மணலாய்ப் படுத்திருக்கும் திருக்கை, நிறம் மாற்றும் கணவாய், சிப்பியின் மேல் ஊரும் நகமளவு நத்தை. அவற்றுக்கு ஏற்ற கண் இதுவே என்பது என் துணிபு.

நிறத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 18 மீட்டர் ஆழத்தில் சாம்பல்நிறமாகத் தெரியும் சங்கரா மீன், விளக்கொளி பட்டதும் செக்கச்சிவந்து நிற்கும். எது உண்மை? விளக்கின் நிறம் அந்த ஆழத்தில் எந்த மீனும் காணாத நிறம். விளக்கில்லாத நிறமோ மீனின் மேனியை முழுதும் சொல்லாதது. பலர் கரைக்கு வந்தபின் கணினியில் நிறத்தைக் கூட்டி, நம் பச்சைக்கடலை நீலக்கடலாக்கி மகிழ்கிறார்கள். அதை அழகென்று சொல்லலாம். சான்றென்று சொல்ல முடியாது. விளக்கோடு ஒன்று, விளக்கின்றி ஒன்று என்று இரண்டு படங்கள் எடுத்துவைப்பதே நேர்மையான வழி. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவருக்கு இயற்பியல் பாடமும் கிடைக்கும்.

யார் கையில்?

புதுச்சேரியில் ஸ்கூபாப் பயிற்சி தரும் மையங்கள் இப்போது இருக்கின்றன. கரையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், ஏறத்தாழ 18 மீட்டர் ஆழத்தில், கான்கிரீட், பாறை, மரம் முதலியவற்றை இறக்கி முக்குளிப்போர் உருவாக்கிய ‘டெம்பிள் ரீஃப்’ என்னும் செயற்கைத் திட்டும் உண்டு. அங்கே போய் வருவோருள் பெரும்பாலோர் வெளியூர்ச் சுற்றுலாவினர். அவர்கள் எடுக்கும் படங்களில் நடுவில் இருப்பது அவர்களுடைய முகமே. அதில் தவறில்லை. ஆனால் ஒருமுறை வந்துபோகிறவர் படத்தில் மாற்றம் தெரியாது. ஒரே பாறையை ஆண்டுக்கு ஆண்டு, அதே இடத்தில் நின்று படமெடுப்பவர் இங்கேயே வாழ்பவராகத்தான் இருக்க முடியும். தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனத்தினர் மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளை ஆண்டுகள் பலவாகத் தொடர்ந்து கண்காணித்து வருவதால்தான், 2016இல் நீர் சூடாகிப் பவளங்கள் வெளுத்தபோது இழப்பு எவ்வளவென்று சொல்ல முடிந்தது. முன்னைய பதிவு இல்லாத கடலில் இழப்பைக்கூட அளக்க முடியாது.

புதுச்சேரிக் கடற்கரையின் மணல் கரைந்துபோன கதை நமக்குத் தெரியும். அதை மீட்கத் தேசியக் கடல்தொழில்நுட்ப நிறுவனம் 2018இல் தலைமைச் செயலகத்துக்கு அருகே நீருக்குள் ஆப்பு வடிவ எஃகு அமைப்பை இறக்கியது. மீண்ட மணலில் இன்று மக்கள் உலவுகிறார்கள். அந்த எஃகின்மேல் என்ன ஒட்டி வளர்கிறது, எந்த மீன் அங்கே தங்குகிறது என்பதைத் தன் கண்ணால் கண்டு சொல்லும் புதுச்சேரி மாணவர் எத்தனைபேர்? நரம்பை, பனித்திட்டுப் பக்கத்தில் கடலடியில் சிக்கிக் கிடக்கும் கைவிடப்பட்ட வலைகளைப் பற்றி மீனவர் பேசுகிறபோது, ஒரு படம் ஆயிரம் மனுக்களைவிட வலிமையாகப் பேசாதா?

மீனவருக்குக் கடல் தெரியும். அவருக்குக் கேமரா எதற்கு என்று சிலர் கேட்பர். வாடையும் கொண்டலும் கச்சானும் வீசும்போது நீர் எப்படி மாறும், எந்தப் பாரில் எந்த மாதம் எந்த மீன் கூடும் என்பவை அவருக்கு மனப்பாடம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அலுவலகங்களும் ஆய்வரங்குகளும் அவருடைய சொல்லைச் செவிவழிச் செய்தி என்றே ஒதுக்குகின்றன. நாளும் இடமும் ஆழமும் குறித்த படம் அச்சொல்லோடு சேரும்போது ஒதுக்குவது கடினம். கேமரா அவருக்குக் கடலைக் கற்பிக்காது. அவர் அறிந்ததைப் பிறர் மறுக்கவியலாதபடி செய்யும்.

செலவு என்பது மெய்யான தடை. கேமராவும் கூடும் விளக்கும் சேர்த்தால் ஓர் இருசக்கர வண்டியின் விலையை நெருங்கும். ஒரு குடும்பத்துக்கு அது மிகை. ஒரு பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றத்துக்கோ ஒரு மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்கோ மிகையன்று. வாங்கும்போது ஒன்றை மறக்கலாகாது. ஒரு கூடு ஒரே மாதிரிக் கேமராவுக்குத்தான் பொருந்தும். பொத்தான் ஒன்று இடம்மாறினாலும் பயனில்லை. கைபேசிகள் பெருகியபின் கையடக்கக் கேமராக்களின் விற்பனை சுருங்கிவிட்டதால், பழைய மாதிரிகளுக்குக் கூடு கிடைப்பது அரிதாகிவிட்டது. ஆகவே இரண்டையும் சேர்த்தே வாங்க வேண்டும். உதிரி வளையங்களையும் உடன் வாங்க வேண்டும். கைபேசியை நெகிழிப்பையில் இட்டு மூழ்கலாம் என்ற எண்ணம் முழங்கால் நீரோடு நிற்கட்டும். அப்பைகள் ஆழத்தின் அழுத்தத்துக்கு ஆனவையல்ல. நீருக்குள் தொடுதிரை விரலுக்கு ஒழுங்காகக் கட்டுப்படுவதுமில்லை.

செலவைக் காட்டிலும் எனக்குக் கவலை தருவது வேறு. கேமரா கையில் வந்ததும் மனிதன் தன்னை மறக்கிறான். காற்றுக்கலத்தின் அளவுகாட்டியைப் பார்க்க மறக்கிறான். துணைவர் எங்கே என்று பார்க்க மறக்கிறான். நல்ல படத்துக்காக மூச்சைப் பிடித்துக்கொள்கிறான். அழுத்தக்காற்றைச் சுவாசிப்பவர் மூச்சைப் பிடித்தபடி மேலெழுந்தால் நுரையீரல் கிழியக்கூடும். நீருக்குள் மேலேறாமலும் கீழிறங்காமலும் நிற்கும் மிதப்புச் சமநிலையைக் கற்காதவர் கையில் கேமரா கொடுக்கக் கூடாது என்பதை நான் விதியாகவே சொல்வேன். அவர் தடுமாறிக் காலை ஊன்றும் இடத்தில் பல்லாண்டு வளர்ந்த உயிர் நொறுங்கும். உதைபட்டு எழும் சேறு அவருடைய படத்தையும் கெடுக்கும். சான்றிதழ் பெற்ற பயிற்றுநருடன், கேமரா இல்லாமல் பல முறை மூழ்கியபின்னரே அது கைக்கு வரட்டும்.

உயிரினங்களைத் துன்புறுத்தும் படங்களும் மலிந்திருக்கின்றன. பேத்தை மீனைச் சீண்டி ஊதவைத்துப் படமெடுப்பது, கடற்குதிரையைக் குச்சியால் நகர்த்தி வெளிச்சத்துக்குக் கொண்டுவருவது, பங்குனி ஆமையை வழிமறிப்பது போன்றவற்றைத் திறமை என்று பாராட்டுவோரும் இருக்கிறார்கள். பவளங்களும் கடற்குதிரைகளும் 2001 முதல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளவை. நெருங்க வேண்டும் என்று மேலே சொன்னேன். தொட வேண்டும் என்று சொல்லவில்லை. அசையாமல் காத்திருப்பவரிடம் அஞ்சாலையே தலையை நீட்டும்.

பாகூருக்குக் கல்வியில் நெடிய மரபு உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் இங்கிருந்த கல்விநிலையத்துக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு கூறுகிறது. அந்த ஊரில் இன்றும் ஏரி இருக்கிறது, பள்ளிகள் இருக்கின்றன, அண்மையில் கடலும் இருக்கிறது. ஊசுட்டேரி 2008இல் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டபின், கரையில் நின்று பறவைகளைப் படமெடுக்கும் ஆர்வம் வில்லியனூர்ப் பக்கத்து இளைஞரிடம் வளர்ந்திருக்கிறது. அந்தப் பொறுமையை நீருக்குக் கீழேயும் கொண்டு செல்லலாம்.

தொடங்க ஏற்ற காலமும் உண்டு. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. இழுவலைகள் அடித்தரையைக் கலக்குவதும் அப்போது நின்றிருக்கும். அந்நாள்களில் பயிற்றுநரோடு ஒரே பாறைக்குச் சென்று, ஒரே கோணத்தில் எடுத்த படங்களை ஒரு குறிப்பேட்டில் பதிந்துவைக்க வேண்டும். நாள், நேரம், ஆழம், நீர் எத்தனை முழம்வரை தெளிவாகத் தெரிந்தது, விளக்கு இருந்ததா இல்லையா என்பவற்றுக்குத் தனித்தனிக் கட்டங்கள் வேண்டும். கடைசிக் கட்டம் மீனின் பெயருக்கு. அறிவியற்பெயரை நூலைப் பார்த்து எழுதிவிடலாம். அதனருகே ஊர்ப்பெயருக்கு என்று விடப்படும் கட்டத்தை, மூர்த்திக்குப்பத்துக் கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவரிடம் படத்தைக் காட்டி, “தாத்தா, இதை நீங்க என்னன்னு சொல்லுவீங்க?” என்று கேட்டபிறகே நிரப்ப வேண்டும்.